சோம்ப்ரானில் ஒரு மூச்சு

வால்தானேயில் பிறந்த எந்தப் பிள்ளையும் தொரோத்தியாவிடமிருந்து தப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைச் செபம் முடிந்ததும் கோயிலின் பக்கத்து அறையில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்துவாள். ஞானோபதேசப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே மாட்டாள். கேள்விகள் அவள் வாயிலிருந்து வரும், பதில்கள் பிள்ளைகள் வாயிலிருந்து வரவேண்டும். அடிக்கும் பழக்கம் கிடையாது. ஒரு வார்த்தை தவறினால் "முதல்ல இருந்து" என்பாள். அவ்வளவுதான். அந்த "முதல்ல இருந்து"க்குப் பயந்து மாடு மேய்க்கும்போதும் மலைச்சரிவில் புல் அறுக்கும்போதும் பிள்ளைகள் உதட்டுக்குள்ளேயே பதில்களை உருட்டிக்கொண்டு திரிவார்கள்.

பத்தொன்பது வருஷம் இப்படிப் போயிருந்தது. தொரோத்தியாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது தங்கை மெனியாவுக்கு நாலு வயது. அவளை வளர்த்து ஆளாக்குவதிலேயே இவளுடைய இளவயது போய்விட்டது. அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை. ஊர் இருந்த கார்னியா மலைகளில் ஆண்கள் பனி உருகினதும் பவேரியாவுக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போய்விடுவார்கள், குளிர் தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். ஊரைத் தூக்கி நிறுத்துவது பெண்கள்தான். விறகு, வைக்கோல், எரு, உப்பு எல்லாம் அவர்கள் முதுகுக்கூடையில்தான் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் தொரோத்தியாவின் பேச்சுக்கு ஒரு தனி எடை இருந்தது. அவள் "நான் பாத்தேன்" என்று சொன்னால் ஊர்க்கூட்டத்தில் இரண்டாவது சாட்சி கேட்க மாட்டார்கள்.

மெனியா செங்கல் வேலைக்காரன் ஸ்வால்தைக் கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டிலேயே இருந்தாள். ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஏழாவது வருஷம், 1889இல், செப்டம்பர் கடைசியில் பிரசவம். ஸ்வால்த் வழக்கம்போல பவேரியாவில் இருந்தான்.

"ரெண்டு நாளா அசைவே இல்லக்கா" என்று மெனியா சொல்லியிருந்தாள். "தூங்குது" என்றாள் தொரோத்தியா. கத்தினா என்ற மருத்துவச்சி வயிற்றில் காதை வைத்துவிட்டு எழுந்து வெந்நீர் போடப் போனாள்.

காலையில், வெயில் எதிர்மலையின் நெற்றியைத் தொட்ட நேரத்தில், குழந்தை பிறந்தது. பெண். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. உடம்பு நீலம் பாரித்து, உள்ளங்கைத் தோல் நனைந்த காகிதம்போல் கழன்றிருந்தது. கத்தினா காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், வாயில் ஊதினாள், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

தொரோத்தியா தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றாள். எந்தப் பிரசவத்திலும் அந்தக் கிண்ணம் தயாராக இருக்கும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதை அவள்தான் ஊருக்கே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"குடு, ஊத்திடறேன்" என்றாள் கத்தினா தாழ்ந்த குரலில். "'உயிர் இருந்தால்'னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லி ஊத்தலாம். சாமியாரே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கார்."

"அது சந்தேகம் இருந்தாத்தான், கத்தினா. உனக்கு சந்தேகம் இருக்கா?"

கத்தினா குழந்தையின் கையைப் பார்த்தாள். "இல்ல."

"எனக்கும் இல்ல. செத்த உடம்புக்குத் திருவருட்சாதனம் குடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கல்நெஞ்சத்தால் சொன்னதல்ல. வைக்கும்போது பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. கால் வழுக்கும்போது கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதுபோல, தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கத்தினா ஒரு கணம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். அப்புறம் கொடியை அறுக்கக் குனிந்தாள்.

கட்டிலில் இருந்து மெனியா பேச ஆரம்பித்தாள். அழுகைக் குரல் இல்லை. வரிசையில் நின்று ஒப்பிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் ராகத்தில்:

"ஞானஸ்நானம் பெறாமல் சாகிற குழந்தைகள் எங்கே போகின்றன? லிம்போவுக்குப் போகின்றன. அங்கே வேதனை உண்டா? இல்லை. அங்கே சர்வேசுரனைக் காண்பார்களா? ஒருக்காலும் காணமாட்டார்கள்."

"மெனியா..."

"ஒரு வார்த்தை விட்டேனாக்கா? முதல்ல இருந்து சொல்லட்டா?"

தொரோத்தியா ஜன்னல் விளிம்பில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.

"இதுக்குத்தான் எனக்குப் பரிசு குடுத்த நீ. ஆட்டுக்குட்டி போட்ட படம். நல்லா ஞாபகம் இருக்கு." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் தொரோத்தியா எர்மகோரா சாமியாரைப் பார்க்கப் போனாள். அவர் அந்தப் பங்குக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, முப்பது வயதுக்காரர். ஆயரே வந்து பாராட்டிவிட்டுப்போன உபதேசி தன் முன்னால் நிற்பதால் அவர் எப்போதும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசுவார்.

"மந்திரிச்ச மண்ணுல ஒரு சின்ன இடம் குடுங்க சாமி. என் அம்மா கல்லறை ஓரமா இருந்தாக்கூடப் போதும்."

"கத்தினா ஊத்தினாளா?"

"இல்ல."

"ஏன்?"

"நான்தான் வேண்டாம்னேன். சந்தேகம் இல்ல சாமி. நல்லாவே தெரிஞ்சுது."

சாமியார் நாற்காலியில் இருந்து எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றார்.  திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"அவ ஊத்தியிருந்தா நான் வேற ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன், தொரோத்தியா. ஊத்தினாளான்னு மட்டும் கேட்டுட்டு அடக்கத்துக்கு மணியடிக்கச் சொல்லியிருப்பேன். இப்ப நீயே வந்து சந்தேகம் இல்லங்கறியே. நான் என்ன செய்ய?"

"அப்ப கல்லறைச் சுவருக்கு வெளியிலதானா?"

"வடக்குப் பக்கம். நானும் வர்றேன். செபம் சொல்லக் கூடாது. ஆனா வந்து நிக்கறேன்."

வடக்குப் பக்கம் என்றால் காஞ்சொறிச் செடி மண்டிக்கிடக்கும் மூலை. தூக்கில் தொங்கியவர்களும் பெயரில்லாத குழந்தைகளும் கிடக்கும் இடம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மெனியா கேட்டுக்கொண்டு கிடந்தாள். பிறகு, "சோம்ப்ரானுக்குக் கொண்டு போ" என்றாள்.

சோம்ப்ரான் இருப்பது கணவாய்க்கு அந்தப் பக்கம், ஐந்து மணி நேர நடை. அங்கே ஒரு சின்ன மாதா கோயில். செத்துப் பிறந்த குழந்தையை அந்தப் பீடத்தின் முன்னால் வைத்தால், ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு மூச்சு வரும், பிறகு மறுபடி போய்விடும் என்று மலை ஜனங்கள் நம்பினார்கள்.

"அது ரோமாபுரியில தடை பண்ணினது. நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. எங்கிட்டயா கேக்கற?"

"உங்கிட்டதான் கேக்கறேன். நீ போகலன்னா நான் போறேன்." போர்வையை விலக்கிக் காலைக் கீழே ஊன்றினாள். துணி நனைந்து கால் வழியாக ரத்தம் தரைக்கு வந்தது. கத்தினா ஓடிவந்து பிடித்தாள். "படுடி பைத்தியக்காரி! ரெண்டு பேரையும் புதைக்கணுமா நாங்க?"

"போறேன்" என்றாள் தொரோத்தியா. "படு. நான் போறேன்."

மறுநாள் விடிந்ததும் முதுகுக்கூடையில் வைக்கோல் பரப்பி, மெனியாவின் கல்யாணச் சால்வையில் சுற்றிய குழந்தையை அதில் வைத்தாள். மேலே ஒரு வெளுத்த துணி. தோள்வாரை மாட்டிக்கொண்டு நிலைப்படி தாண்டும்போது உள்ளே இருந்து குரல் வந்தது: "பொலோனியா. அம்மா பேர் வெக்கச் சொல்லு."

மலை ஏறுவது அவளுக்குப் புதிதில்லை. அறுபது ராத்தல் வைக்கோலோடு ஏறியவள். ஆனால் கூடையில் கனமே இல்லாததுதான் அவளைப் படுத்தியது. சுமை இருந்தால் உடம்பு அதற்கேற்பக் குனிந்து நடக்கும். இதற்கு எப்படிக் குனிவது என்று முதுகுக்குத் தெரியவில்லை. கணவாயில் முதல் பனி விழுந்திருந்தது. செருப்புக்குள் ஈரம் இறங்கியது. வழி முழுக்க அவள் செபம் சொல்லவில்லை, தான் செய்யப்போவதற்குப் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டே போனாள். பத்துக் கட்டளைகளில் முதலாவதற்கு விரோதமான பாவங்களில் அதுவும் ஒன்று. மூடநம்பிக்கை. பிள்ளைகளுக்கு உதாரணத்தோடு சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சோம்ப்ரான் கோயிலைப் பார்த்துக்கொண்டது சபேத்தா என்ற கிழவி. பல் இல்லை, கண் மட்டும் கூர்மை. அவளுடைய நாத்தனார் ஒருத்தியும் இருந்தாள், அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. சபேத்தா கூடைக்குள் பார்த்தாள், பிறகு தொரோத்தியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பெத்ததில்ல."

"தங்கச்சி குழந்தை."

"என்ன வேலை உனக்கு? பண்ணையா?"

"பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கறேன்."

"அதானே பாத்தேன்! உள்ள வரும்போதே என் சொரூபத்தையெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிற மாதிரி பாத்த." கிழவி பொக்கைவாயால் சிரித்தாள். "உங்க கூட்டத்துல இருந்து வர்ற முதல் ஆளு நீதான். மத்தவங்க எல்லாம் இங்க வரப் பயப்படுவாங்க. குடு, குளிரா இருக்கு பிள்ளைக்கு."

பிள்ளைக்குக் குளிரா இருக்கு என்று அவள் சொன்னதும் தொரோத்தியா குழந்தையைச் சால்வையோடு எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அந்த ஒன்றரை நாளில் குழந்தையைப் பற்றி யாரும் அப்படிப் பேசியிருக்கவில்லை.

பீடத்துக்கு முன்னால் பலகையில் குழந்தையைக் கிடத்தினார்கள். சுடவைத்த கற்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. மேலுதட்டில் கோழியின் அடிவயிற்று இறகு ஒன்று, பஞ்சுபோல. பிறகு மூவரும் மண்டியிட்டுச் செபமாலை சொன்னார்கள். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. தொரோத்தியா இறகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூல் பிசகாத பெண் அவள், பார்ப்பது என்றால் பார்ப்பது. கண்ணில் நீர் கோத்து எரிந்தது, இமைக்காமல் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் எதையும் அவள் சர்வேசுரனிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை. இறகு மட்டும். மற்றபடி என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

மூன்றாவது செபமாலை முடியும்போது சபேத்தா கையை உயர்த்தினாள்.

"இதோ! உதட்டோரம். இடது பக்கம். அசைஞ்சுது."

இறகு வைத்த இடத்திலேயே இருந்தது. உதடு இருந்த மாதிரியே இருந்தது. தொரோத்தியா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கிழவியைவிடக் கூர்மையாக.

"நான் பாத்தேன்" என்றாள் சபேத்தா. "ஆனா ரெண்டு பேர் கண்ணு வேணும், அதான் இங்க முறை. இவளுக்குத் தெரியாது, குருடி. நீ பாத்தியா?"

தொரோத்தியா மறுபடி இறகைப் பார்த்தாள்.

"சீக்கிரம் சொல்லும்மா. வந்த மூச்சு நிக்காது."

கிழவியின் கண்ணில் கள்ளம் தெரியவில்லை. அவள் நிஜமாகவே பார்த்திருப்பாளோ, தன் கண்ணுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் தொரோத்தியா தள்ளிவிட்டாள். அசையவில்லை. அவளுக்குத் தெரியும். கூடையை மறுபடி மாட்டிக்கொண்டு கணவாய் ஏறுவதை நினைத்தாள். காஞ்சொறிச் செடிகளை நினைத்தாள். ஜன்னல் விளிம்பில் தான் வைத்த கிண்ணத்தை நினைத்தாள்.

"பாத்தேன்" என்றாள்.

"அப்ப தூக்கிப் பிடி. ஞானத்தாய் நீதான்."

பொலோனியா என்ற பெயரில் தண்ணீர் ஊற்றினார்கள். கோயில் கூரையின் ஓரத்தில், மழைத்தண்ணீர் சொட்டுகிற வரிசைக்கு நேர் கீழே குழந்தையைப் புதைத்தார்கள். கூரையில் இருந்து விழும் தண்ணீர் இந்தப் பிள்ளைகளின் மேல் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும் என்றாள் சபேத்தா. மண்ணைத் தள்ளிவிட்டு அவள் தொரோத்தியாவுக்குச் சூடான சோளக்களியும் பாலும் கொடுத்தாள். தொரோத்தியா அதைத் தொடாமல் காலிக் கூடையை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெனியா தலையைத் தூக்கினாள். கூடை காலி என்பதைப் பார்த்தாள். முகத்தில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உடைந்தது. இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"மூச்சு விட்டாளா?"

"விட்டா."

"நீ பாத்தியா? நீயே பாத்தியா?"

"நானே பாத்தேன்."

"நீ பாத்தியானா சரி" என்று அவள் அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "சபேத்தா கிபேத்தா யார் சொன்னாலும் நம்பமாட்டேன். நீ சொன்னா நம்பறேன். எப்படி இருந்துது? சொல்லு."

"உதட்டோரம் அசைஞ்சுது. இடது பக்கம்."

"சிரிச்ச மாதிரியா?"

"...ஆமா. சிரிச்ச மாதிரி."

அன்றிலிருந்து மெனியா தேறத் தொடங்கினாள். தினம் ஒருமுறையாவது அதைச் சொல்லச் சொல்வாள். கஞ்சி குடிக்கும்போது, தலை வாரும்போது. "இறகு பறந்துதா, சும்மா அசைஞ்சுதா?" "கொஞ்சம் அசைஞ்சுது." "கன்னம் சிவந்துதா?" "லேசா." நவம்பரில் ஸ்வால்த் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கொல்லனிடம் போய் ஒரு சின்ன இரும்புச் சிலுவை அடிக்கச் சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறினான்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருநாள் பஸ்தியானா வந்தாள். ஆற்றோரத்து வீட்டுக்காரி. போன வருஷம் அவள் மகன் செத்துப் பிறந்து வடக்கு மூலையில் கிடந்தான்.

"நீயே கண்ணால பாத்தியாமே."

தொரோத்தியா அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நான் அன்னிக்கு உங்கிட்ட வந்து கேட்டேன், சோம்ப்ரானுக்குக் கொண்டு போகட்டுமான்னு. என்ன சொன்ன? 'அதெல்லாம் கிழவிங்க கட்டின கதை, பாவம், போகாத'ன்னே." பஸ்தியானா கத்தவில்லை. "உன் தங்கச்சின்னதும் கதை நிஜமாயிடுச்சா?"

"பஸ்தியானா, உக்காரு..."

"என் பிள்ளையும் மூச்சு விட்டிருப்பான். நீதான் விடல." போய்விட்டாள். அதற்குப் பிறகு தெருவில் எதிரே வந்தால் மறுபக்கத்துக்குக் கடந்து போவாள். தொரோத்தியாவுக்கு ஓடிப்போய் அவளைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கும். சொன்னால் அது ஒரு மணி நேரத்தில் மெனியாவின் காதுக்கு வந்துவிடும்.

நவம்பர் தொடக்கத்துச் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்பே தொரோத்தியா பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போயிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வலைத்தடுப்புக்கு அப்பால் எர்மகோரா சாமியார் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"வருத்தப்படறியா?"

"பொய் சொன்னதுக்கு வருத்தப்படறேன்."

"அப்ப தங்கச்சிகிட்ட உண்மையைச் சொல்லணும். பொய்ச்சாட்சி சொன்னவன் அதைத் திருப்பி எடுத்துக்கிட்டாத்தான் மன்னிப்பு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

"சொல்ல மாட்டேன் சாமி."

"யோசிச்சுச் சொல்லு."

"அவ பிழைச்சதே அதாலதான். சொல்ல மாட்டேன்."

"அப்ப என் கை கட்டிக்கிடக்குது, தொரோத்தியா."

"தெரியும் சாமி. நானே பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

மன்னிப்பு இல்லாமல் எழுந்து வந்தாள். மன்னிப்பு இல்லை என்றால் பூசையில் வாங்கும் நற்கருணை அப்பமும் இல்லை. சாவான பாவத்தோடு இருப்பவள் பிள்ளைகள் முன்னால் நின்று பாவம் என்றால் என்ன என்று கேட்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்து அறைக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். பொய் என்பது ஒன்றோடு நிற்காது என்பதை அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். சாமியாரே கொஞ்ச நாள் பிள்ளைகளுக்கு நடத்தினார், பிறகு ஒரு கன்னியாஸ்திரீ வந்தாள்.

மெனியாவுக்கு முதலில் புரியவில்லை. புரியாமை பிறகு கோபமாயிற்று.

"ஊரே கேக்குது, உன் அக்கா ஏன் நற்கருணை வாங்கறதில்லன்னு. நான் என்ன சொல்ல?"

"எதுவும் சொல்லாத."

"உனக்கு ஆண்டவர் கண் முன்னாடி ஒரு அற்புதத்தைக் காட்டினார். ஒவ்வொருத்தருக்குத் தவம் கிடந்தாலும் கிடைக்காது. நீ என்னடான்னா அதுக்கப்புறம்தான் அவரை விட்டுட்டு உக்காந்திருக்க. இப்படி ஒரு நன்றி கெட்டவளை நான் பாத்ததில்லக்கா."

தொரோத்தியா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். தங்கையின் அந்தக் கோபம் எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ அவ்வளவு உறுதியாக அந்த நம்பிக்கை நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பிறகு மெனியாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள், உயிரோடு, கத்திக்கொண்டு. அவர்கள் கன்னியாஸ்திரீயிடம் படித்துவிட்டு வந்து அடுப்படியில் ஒப்பிப்பார்கள். லிம்போ பற்றிய கேள்வி வரும்போது மெனியா கரண்டியை ஆட்டிக்கொண்டு பெருமையோடு சொல்வாள்: "உங்க அக்கா அங்க இல்லடா. அவ மேல இருக்கா. பெரியம்மாவைக் கேளு." பெரியவன் பியெரின் கேட்பான். பெரியம்மா சொல்வாள். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கதை நிறைந்துகொண்டே போயிற்று. கன்னத்தில் சிவப்பு, விரல் மடங்கியது, மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்தது.

இருபத்தோரு வருஷம் அப்படிப் போயிற்று.

1911 பிப்ரவரியில் மெனியாவுக்குச் சளிக்காய்ச்சல் நுரையீரலில் இறங்கியது. எர்மகோரா சாமியார், இப்போது தலை நரைத்தவர், வந்து சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் மத்தியானம் வெளியே பனி வெளிச்சத்தில் கண் கூசியது. மெனியா அக்காவை மட்டும் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

"சொல்லு. இன்னொரு தடவை."

தொரோத்தியா ஆரம்பத்தில் இருந்து சொன்னாள். கணவாயில் பனி. சுட்ட கல். மூன்றாவது செபமாலை. இடது பக்கம் உதட்டோரம்.

"இப்ப என்னைப் பாத்ததும் அவளுக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும்."

"நான் போய் அவளைத் தூக்கிக்குவேன். ஒரு தடவைகூடத் தூக்கல நான். உங்கிட்டதான் இருந்தா." மூச்சு வாங்கியது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடியில் காய்ச்சல் கொதித்தது. "அக்கா, நீ பாவசங்கீர்த்தனம் பண்ணு. என்ன பாவமோ எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. நானும் அவளும் அங்க இருந்து, நீ மட்டும் வெளிய நின்னா எப்படி? நீ இல்லன்னா அவளுக்குப் பேரே கிடையாது."

"வர்றேன்" என்றாள் தொரோத்தியா.

"சத்தியமா?"

"சத்தியமா வர்றேன்."

மெனியா வெளிச்சம் மங்குவதற்கு முன்பே போய்விட்டாள். முகம் அமைதியாக இருந்தது. தொரோத்தியா அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகையைவிடப் பெரிய ஒன்று அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. பிணத்துக்கு ஊற்றிய தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது. அது அவளுக்குத் தெரியும், அன்றும் தெரியும். மெனியா இப்போது மோட்ச வாசலுக்குப் போயிருப்பாள், ஆவலோடு கையை நீட்டிக்கொண்டு. அங்கே தூக்கிக்கொள்ளக் குழந்தை இல்லை. அதை அவளுக்கு யார் சொல்வார்கள்? என்ன வார்த்தையில் சொல்வார்கள்? யார் பொய் சொன்னார்கள் என்பதையும் சொல்வார்களா?

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் கோயிலுக்குப் போனாள். எர்மகோரா சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார். 

"இத்தனை வருஷம் நான் இதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். இப்ப சொல்ல வேண்டிய ஆளே இல்ல. திருப்பி எடுத்துக்க வேண்டியதும் இல்ல. நீ பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லு, வருத்தப்படு, போதும். மன்னிப்பு குடுத்துடறேன்."

தொரோத்தியா வாயைத் திறந்தாள். "நான் அன்னிக்கு..." என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா."

"சாமி, அவ போனதுல இருந்து கண்ணை மூடினா அசையுது."

"எது?"

"உதடு. இடது பக்கம். நான் நல்லாப் பாக்கறேன். இறகுகூட அசையுது." அவள் வலைத்தடுப்பை விரலால் பிடித்துக்கொண்டாள். "அசையாம இருந்ததை நினைச்சுப் பாக்கப் பாக்கறேன், வரமாட்டேங்குது. இருபத்தோரு வருஷம் தினம் சொல்லிச் சொல்லி அதைத் தேய்ச்சுட்டேன். பொய் சொன்னேன்னு இப்ப உங்ககிட்ட சொன்னா, அது நிஜமா பொய்யான்னே எனக்குத் தெரியல."

"அன்னிக்கு எங்கிட்ட வந்து பொய்யின்னு நீதானே சொன்ன!"

"சொன்னேன். அது ஞாபகம் இருக்கு. ஆனா நான் பாத்தது ஞாபகம் இல்ல. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது சாமி, இப்ப தெரியல. தெரியாததை எப்படிப் பாவம்னு சொல்லுவேன்? அசைஞ்சுதுன்னா மெனியா இப்ப அவளைத் தூக்கி வெச்சிருப்பா. அசையலன்னா..." மேலே போக முடியவில்லை. "பொய்தான்னு நான் சொன்னா, அவ கையில இருந்து பிள்ளையைப் பிடுங்கற மாதிரி இருக்கு."

 சாமியார் தொட்டியில் இருந்து வெளியே வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் மண்டியிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத்தின் நடுவில் சாமியார் எழுந்து வர எந்தப் புத்தகத்திலும் இடம் கிடையாது.

"எனக்கும் தெரியல, தொரோத்தியா" என்றார். "அன்னிக்கு மணியடிக்கச் சொல்லியிருக்கணும் நான். நீ சந்தேகம் இல்லன்னு சொன்னாலும், எனக்கு இருக்குன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப முப்பது வயசு. உன்னைப் பாத்து பயம்."

 மெழுகு வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் வந்தது. பிறகு அவள் எழுந்து, வீட்டில் ஆம்பளைங்க சாப்பிடாம உக்காந்திருப்பாங்க என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவையும் மன்னிப்பு வாங்காமலே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் பியெரினோடும் ஸ்வால்தோடும் வந்தாள். நற்கருணை நேரத்தில் பெஞ்சில் மற்ற எல்லோரும் எழுந்தார்கள். பியெரின் பெஞ்சை விட்டு வெளியே போகாமல் அவளுக்கு முன்னால் நின்று காத்திருந்தான். அம்மா சாவுப்படுக்கையில் கேட்ட சத்தியம் கதவுக்கு வெளியே நின்றிருந்த அவன் காதில் விழுந்திருந்தது.

"வாங்க பெரியம்மா."

தொரோத்தியா முழங்காலை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டாள்.

"நீ போப்பா" என்றாள்.